வாளிக்காரர் ஜெயித்த டீ

அந்த ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. வாளிக்காரர் என்றால்தான் தெரியும். மாடியில் தியேட்டரில் ஆட்களின் உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் அது மூடி போட்ட வெள்ளை வாளியில் கீழ்த்தளத்துக்கு வந்து சேரும். பித்தப்பை, கர்ப்பப்பை, குடலில் ஒரு முழம், என்றைக்காவது ஒரு கால். அதை வாங்கி வைக்கிறவர் அவர். வேலைக்கு வந்த புதிதில் மத்தியானச் சாப்பாடு தொண்டையில் இறங்காமல் திண்டாடியவர்தான். பிறகு அவற்றை ஊறவைக்கும் மருந்துத் தண்ணீரின் நெடி பழகிப்போய், பக்கத்தில் ரோஜாப்பூவை வைத்தாலும் வாசனை தெரியாத மூக்காகிவிட்டது என்று மனைவி குறைப்பட்டுக்கொள்வாள்.

வாங்கி வைப்பதோடு வேலை முடிவதில்லை. எடை போட வேண்டும், அளவு எடுக்க வேண்டும், வெளிப்பக்கம் மை தடவ வேண்டும். சிறுநீரகம் மாதிரி கெட்டியான உறுப்பு வந்தால் நீளக் கத்தியால் நடுவில் பிளந்து புத்தகம் மாதிரி விரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்துத் தண்ணீர் உள்ளே போகாது, நடுப்பகுதி கெட்டுவிடும். மறுநாள் டாக்டர்கள் வந்து அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதுவார்கள். அதற்கெல்லாம் ஒரு வாரம், சமயத்தில் அதற்கு மேலும் ஆகும். ஆனால் ஒரு கட்டியின் உட்புறத்தை முதன்முதலில் பார்ப்பது வாளிக்காரரின் கண்தான். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது. கொஞ்சம் அளவுக்கு மீறியே இருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

பெருமை சும்மா கிடக்குமா? அது பந்தயமாக வெளியே வந்தது. அவரோடு அந்த அறையில் வேலை பார்த்தவரை எல்லோரும் மொட்டை என்பார்கள். தலையில் முடி இருந்த காலத்தில் வைத்த பெயர், தலை பிற்பாடுதான் பெயருக்கு ஏற்றபடி மாறியது. சிறுநீரகம் வந்த நாளில் இருவருக்கும் டீ பந்தயம். பிளந்து பார்த்ததும் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று சொல்ல வேண்டும். மஞ்சளாக, அங்கங்கே ரத்தம் கட்டியிருந்தால் பெரும்பாலும் கெட்டது. ஒரே சீரான பழுப்பு நிறத்தில், நடுவில் நட்சத்திரம் போட்ட மாதிரி வெள்ளைத் தழும்பு இருந்தால் அது நல்லது, பரவாது, ஆளைக் கொல்லாது. அந்தப் பழுப்புக் கட்டிக்கு மொட்டை வைத்த பெயர் வீட்டோட மாப்பிள்ளை. வந்து உட்கார்ந்திருப்பார், பெருத்துக்கொண்டே போவார், யாரையும் எதுவும் செய்யமாட்டார்.

பயிற்சி டாக்டர் யாராவது அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்து, ஆமாம் அப்படித்தான் தெரிகிறது என்று தலையாட்டினால் பந்தயம் முடிந்தது. தோற்றவர் டீ வாங்கி வர வேண்டும். வாளிக்காரர் தோற்ற நாட்கள் அபூர்வம். மொட்டை அவரைப் பார்த்து, "அண்ணே, உங்க கண்ணை எடுத்து அந்த மைக்ரோஸ்கோப்புல மாட்டிடலாம்ணே" என்பார். வாளிக்காரர் வேண்டாம் என்று கையை ஆட்டுவார், முகம் மட்டும் வேண்டும் என்று சொல்லும்.

வீட்டோட மாப்பிள்ளை என்ற பெயர் அவரையும் கொஞ்சம் குத்தத்தான் செய்தது. ஏனென்றால் அவரே அதுதான். மாமனார் கட்டிய வீட்டில், மாமனார் வாங்கிப் போட்ட கட்டிலில் குடித்தனம். மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் டீச்சர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், பக்கத்து சீட்டில் இவள். இவளுடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே எருமை வந்தாலும் லாரி வந்தாலும் இவள் கால் மிதித்துவிடும். நாள் முழுக்க மிதித்து மிதித்து, வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட யாராவது வேகமாக ஓடினால் அவள் வலது கால் தரையை அழுத்தும். கணவருக்கும் அவள்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். "வாளியைத் தூக்கற மாதிரி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறீங்களே" என்று திட்டித் திட்டி ஒருவழியாக லைசென்ஸ் வாங்க வைத்தாள். அதன் பிறகும் அவர் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு கால் போட்டுக்கொண்டுதான் வருவாள். அந்தக் கால் இருக்கிற தைரியத்தில்தான் அவர் ஓட்டினார்.

பித்தப்பையில் கல் இருக்குமோ என்று மனைவியின் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோதுதான் அது அகப்பட்டது. பித்தப்பையில் ஒன்றுமில்லை, வலது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வலி இரண்டு நாளில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. கட்டி போகவில்லை.

பெரிய ஸ்கேன் எடுத்துப் படத்தோடு ஆபரேஷன் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் வேலை பார்க்கிற இடமும் வைத்தியம் பார்க்கிற இடமும் ஒன்றாக இருப்பதில் ஒரு சௌகரியம், வரிசையில் நிற்க வேண்டாம். டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, பேனா முனையால் காட்டிப் பேசினார்.

"கொழுப்புக் கட்டியா இருந்தா ஸ்கேன்லயே தெரிஞ்சிடும், விட்டுடலாம். இதுல கொழுப்பு இல்ல. இந்த மாதிரி இருக்கறதுல முக்காவாசி கெட்டது, கொஞ்சம் நல்லது. எதுன்னு படத்தைப் பாத்து என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. சின்னதா இருக்கு, கட்டியை மட்டும் எடுத்துட்டு கிட்னியைக் காப்பாத்திடலாம். தயக்கமா இருந்தா முதல்ல ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாப்போம்."

வாளிக்காரர் படத்தின் பக்கத்தில் மூக்கு ஒட்டுகிற மாதிரி போய் நின்றார். கட்டியின் நடுவில் கருப்பாக, நட்சத்திரம் மாதிரி ஒரு தழும்பு. அவருக்கு மூச்சு சீராக வந்தது. வெளியே வந்ததும் நடைபாதையில் வைத்தே மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"பயப்படாதே. நடுவுல தழும்பு இருக்கு பாத்தியா? இது வீட்டோட மாப்பிள்ளை."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "வீட்டுல இருக்கறது பத்தாதுன்னு வயித்துக்குள்ளயும் ஒண்ணா?"

அவர் வெறும் வாய்ஜம்பத்தில் சொல்லவில்லை, அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டிய ஒருவருக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் கட்டி என்று ஒரு சிறுநீரகத்தை முழுசாக எடுத்தார்கள். பிளந்தவர் வாளிக்காரர். அச்சு அசல் பழுப்பு, நடுவில் தழும்பு. மைக்ரோஸ்கோப்பிலும் நல்லது என்றே வந்ததை லிஃப்ட்காரரே பிறகு சொன்னார். எடுத்திருக்கவே வேண்டாம். லிஃப்ட்காரருக்கு மிச்சமிருந்த ஒன்றும் சர்க்கரை வியாதியில் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி படுத்துக் கிடந்து, கடைசியில் சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடும்படி ஆகிப் போனார். அந்த முகம் வாளிக்காரருக்குள் தங்கிவிட்டது. மேலே இருப்பவர்கள் கத்தியைத் தூக்குவதற்கு முன் ஒரு தடவை யோசிக்கமாட்டார்களா என்ற ஆத்திரமும் கூடவே தங்கிவிட்டது. மனைவியைக் கத்திக்குக் கொடுக்கக்கூடாது என்று அவர் நினைத்தது பாசத்தில்தான். பாசத்தோடு சேர்ந்து வந்த மமதை அவர் கண்ணில் படவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் அழுதாள். "அம்மா, ஆபரேஷன் டாக்டர் சொன்னா எடுத்துடும்மா. அப்பா டாக்டர் இல்ல."

போனை வாங்கி அவர் பேசினார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து நான் இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். உனக்கு என்ன தெரியும்?"

"சரி, ஊசியாவது போட்டுப் பாருங்கப்பா."

"ஊசில வர்றது நூல் மாதிரி ஒரு துணுக்கு. பாதி நேரம் போதலைன்னு திருப்பி அனுப்பறாங்க. சும்மா குத்திக் கிளறணுமா?"

கடைசியாகப் பேச வேண்டியவள் பேசினாள். ஆபரேஷன் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்காரர் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். தினமும் பாக்கறவரு" என்றாள். டாக்டர் வாளிக்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, சிலருக்குக் காத்திருந்து பார்ப்பதும் உண்டு, ஆறு மாசத்துக்கு ஒருமுறை தவறாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும், வளர்ந்தால் மறுபேச்சு பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

முதல் ஸ்கேனில் கட்டி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. வாளிக்காரர் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் படத்தை வைத்து மகளுக்கு வீடியோவில் காட்டி வெற்றி கொண்டாடினார். அடுத்ததில் கொஞ்சம் வளர்ந்திருந்தது. டாக்டர், "இப்பவும் கட்டியை மட்டும் எடுக்கலாம், நாள் போனா அது முடியாது" என்றார். வாளிக்காரர் விடுவாரா? "நல்லதும் வளரும் டாக்டர். தேங்கா அளவுல நானே பாத்திருக்கேன்." அதுவும் உண்மைதான். அவருடைய கஷ்டகாலம், அவர் சொன்னதில் பொய் என்று எதுவுமே கிடையாது.

மூன்றாவது ஸ்கேனை அவரே தள்ளிப்போட்டார். பயிற்சிப் பள்ளியில் ஆட்கள் அதிகம் சேரும் மாதம், அவளுக்கு நேரமில்லை என்பது சாக்கு. இதோ அதோ என்று கோடை போய் மழையும் போனது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"ஏங்க, நான் பீட்ரூட் எதுவும் சாப்பிடலையே?"

"இல்லையே, ஏன்?"

"ஒண்ணுக்கு அந்தக் கலர்ல போகுது."

அவர் சட்டையை மாட்டினார். அன்றைக்கே அழைத்துக்கொண்டு ஓடினார். கட்டி இப்போது ஆரஞ்சு அளவுக்கு வந்து, சிறுநீரகத்தின் நடுப்பகுதியை மொத்தமாக அடைத்துக்கொண்டிருந்தது. கட்டியை மட்டும் எடுக்கிற பேச்சே இனி இல்லை, முழுசாக எடுக்க வேண்டும். ஆபரேஷன் டாக்டர் பழசைக் கிளறவில்லை. கிளறி நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாளிக்காரருக்குக் கொஞ்சம் இதமாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் அன்று லீவு போட்டுவிட்டு தியேட்டர் வாசல் பெஞ்சில் மகளோடு உட்கார்ந்திருந்தார்.  மத்தியானம் கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது ஆள் இல்லை, வாளி. அட்டெண்டர் அதைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார், போகிறபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாளிக்காரர் எழுந்து பின்னாலேயே நடந்தார். "அப்பா, எங்க போறீங்க?" என்று மகள் கேட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை.

கீழே மொட்டை வழியை மறித்துக்கொண்டு நின்றார். "அண்ணே, வேணாம்ணே. இதை நான் பாத்துக்கறேன். மேல போய் உக்காருங்க."

"என் கையால செய்யணும்."

"தப்புண்ணே."

"தப்புதான். கத்தியைக் குடு."

வாளியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் மனைவியின் பெயர் யாரோ ஒரு நர்ஸின் அவசரக் கையெழுத்தில் இருந்தது. வயதை ஒன்று கூட்டிப் போட்டிருந்தார்கள், தெரிந்தால் அவள் சண்டைக்குப் போவாள். மூடியைத் திறந்தார். எடை போட்டார், அளந்தார், மை தடவினார். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. அந்தக் கைக்கு இது யாருடையது என்று தெரியாது போலிருந்தது. பிறகு கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்து விரித்தார்.

பழுப்பு. ஒரே சீரான பழுப்பு. நடுவில் நட்சத்திரத் தழும்பு.

ஓர் ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் நகத்தளவு வெள்ளையாக இருந்தது. அந்த இடத்தில் மட்டும் கெட்டியான எதிலோ பட்ட மாதிரி கத்தி லேசாகத் தட்டித்தான் போயிற்று. தழும்பின் வால் அதுவரை ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டார் என்பதுகூடச் சரியில்லை, அதைப் பார்க்கிற நிலையிலேயே அவர் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். மொட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைதாண்ணே! மாப்பிள்ளையேதான்!" என்று கத்தினார். பந்தயம் எதுவும் கட்டாமலே ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். வாளிக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அதைக் குடித்தார்.

மாடிக்குப் போனபோது அவளை வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். உதடு காய்ந்து, கண் பாதி மூடியிருந்தது. காதருகே குனிந்து, "மாப்பிள்ளைதான். என் கண்ணால பாத்தேன்" என்றார்.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "பாவம், வீணா வெளிய தள்ளிட்டாங்களா அவரை." சிரிக்கப் பார்த்து, தையல் இழுத்து, "யம்மா" என்றாள். கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற மகள் வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "ஸாரிப்பா. நான்தான் தேவையில்லாம உங்களை..." என்று சொல்லி முடிக்காமல் அழுதாள். வாளிக்காரர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்த மன்னிப்பை அவர் வாங்கிக்கொண்டதுதான் பின்னால் எல்லாவற்றையும்விட அவரை அறுத்தது.

நடைபாதையில் ஆபரேஷன் டாக்டரைப் பிடித்து, "நான் அப்பவே சொன்னேனே டாக்டர்" என்றும் சொல்லிவைத்தார். டாக்டர் சோர்ந்து போயிருந்தார். "ரிப்போர்ட் வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். தோற்றதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை என்று வாளிக்காரர் நினைத்தார். மகள் நிம்மதியாக ஊருக்குத் திரும்பினாள்.

தையல் பிரிக்க வரச்சொன்ன அன்று பயிற்சிப் பள்ளியின் காரையே இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர் ஓட்டினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் அவள், காலடியில் அவளுடைய பிரேக். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் கால் அவரை முந்திக்கொண்டது. "அழுத்தாதே, தையல் வலிக்கும்" என்றார். "நீங்க அழுத்தினா நான் ஏன் அழுத்தறேன்" என்றாள். தையல் பிரித்து முடிந்ததும் அவளைக் காரில் உட்கார வைத்துவிட்டு அவர் உள்ளே வந்தார், மைக்ரோஸ்கோப் பார்க்கும் பெரிய டாக்டரம்மா வரச்சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்ததில்லை.

"மேல ஆபரேஷன் டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நானே உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். நீங்க பாத்தது பழுப்புதான். ஆனா அது நீங்க நினைக்கிற கட்டி இல்ல. அதே மாதிரி நிறத்துல, அதே மாதிரி தழும்போட வர்ற இன்னொண்ணு இருக்கு. அது புற்று. வெறும் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். சமயத்துல மைக்ரோஸ்கோப்லயே எங்களுக்குக் குழப்பம் வரும், தனியாச் சாயம் போட்டுத்தான் பிரிக்கறோம்."

வாளிக்காரர் மேஜைமேல் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"சாதாரணமா அது ரொம்ப மெதுவாப் போறது. எடுத்துட்டா பெரும்பாலும் தீர்ந்துடும். ஆனா ஓரத்துல ஒரு வெள்ளை இடம் இருந்தது."

"கத்தி தட்டிச்சு" என்றார் அவர்.

"ஆமா. அந்த இடத்துல மட்டும் அது குணம் மாறி மூர்க்கமா ஆயிடுச்சு. அங்கேர்ந்து ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்கு. நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கணும், மருந்து ஆரம்பிக்கணும். நல்ல சேதின்னு நான் எதையும் சொல்ல முடியல."

 டாக்டரம்மா தண்ணீர் கிளாஸை நகர்த்தி வைத்தார். இரக்கப்பட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். "நீங்க உங்களையே நொந்துக்காதீங்க. அப்பவே ஊசி போட்டிருந்தாலும் அதுவும் ஏமாந்திருக்கலாம். பழுப்பு இடத்துல குத்தியிருந்தா நல்லதுன்னுகூட வந்திருக்கலாம்."

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "மேடம், இதுக்கு முன்னாடி நான் மாப்பிள்ளைன்னு சொன்னது ரிப்போர்ட்ல கெட்டதுன்னு மாறிப்போயிருக்கா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சிலது மாறியிருக்கு."

"எங்ககிட்ட யாரும் சொன்னதில்லையே."

"ரிப்போர்ட் மேல டாக்டருக்குப் போகும், நோயாளிக்குப் போகும். உங்க ரூமுக்கு எதுக்கு வரும்? அதுவும் ஒரு வாரம் கழிச்சு. நீங்க டீ குடிச்சு முடிச்சிருப்பீங்க."

அத்தனை வருஷம் ஜெயித்த டீயில் எது ஜெயித்தது, எது தோற்றது என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்தக் கண்ணை நம்பித்தான் ஒருத்தியின் உயிரை வைத்து அவர் பந்தயம் கட்டியிருந்தார். படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே மொட்டை எதிரில் வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒதுங்கினார்.

காரில் அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன, டாக்டரம்மா டீ வாங்கிக் குடுத்தாங்களா?"

அவர் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டார். சாவியைத் துவாரத்தில் வைக்கப் பார்த்தார், அது உள்ளே போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கையைப் பார்த்தே ஆளின் பயத்தை எடைபோடுகிறவள் அவள். அவர் கையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. ஆனா இந்தத் தடவை உங்க கண்ணு சொன்னது வேணாம். அவங்க சொன்னதை மட்டும் சொல்லுங்க."

சொன்னார். பழுப்பு நிறத்தில் வருகிற இன்னொன்றைப் பற்றி, வெள்ளை இடத்தைப் பற்றி, ரத்தக்குழாயைப் பற்றி, நெஞ்சு ஸ்கேனைப் பற்றி. கத்தி தட்டியதையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. அவள் முன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் வரிசையில் ஒருவர் நெருக்கமாக நின்ற இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் ஒடிக்கணும் அவரு" என்றாள்.  அந்த வண்டி ஒருவழியாக வெளியேறிப் போன பிறகு கேட்டாள்.

"முதல்ல சொன்னப்பவே எடுத்திருந்தா?"

டாக்டரம்மா கொடுத்த ஆறுதல் அவர் வாயில் தயாராக இருந்தது. ஊசியும் ஏமாந்திருக்கும், யாராலும் சொல்லியிருக்க முடியாது. அதைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். இத்தனை நாள் அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்பியவள்தானே. ஆனால் அவள் ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை.

"எடுத்திருந்தா அதோட போயிருக்கும்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். மாணவர்கள் பதில் சரியாகச் சொன்னால் ஆட்டுகிற அதே ஆட்டல். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க எதுவும் சொல்ல வேணாம்."

அது அவரைக் காப்பாற்றவா, இல்லை, இனிமேல் அவர் வாயால் எதுவும் வரவேண்டாம் என்றா? கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"கண்ணாடியைப் பாருங்க" என்றாள். "இண்டிகேட்டர் போடுங்க. எடுங்க."

கண்ணாடியைப் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். வண்டி நகர்ந்தது. அவள் இரண்டு காலையும் மெல்லப் பின்னால் இழுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சாலை குறுக்கே வந்தபோது, பழக்கதோஷத்தில் அவள் காலுக்காக ஒரு கணம் காத்திருந்தார். கால் வரவில்லை. வண்டியின் மூக்கு சாலைக்குள் நீண்டுவிட்டது, ஒரு பஸ் அலறிக்கொண்டு ஒதுங்கியது, யாரோ வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவள் திரும்பக்கூட இல்லை. பிரேக்கை அவரேதான் மிதிக்க வேண்டியிருந்தது.